29ஐ விடப் பெரிய 28: ஒரு மலைச் சைக்கிளின் வரலாறு

போன ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், எங்கள் நண்பன் ஒருவனின் மாமா நோர்வேயிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். அவரோடு ஒரு பெரிய மட்டைப் பெட்டியும் வந்தது. ரீவியாக்கும் என்று அம்மம்மா நினைத்தா. விறாந்தையில் வைத்துப் பிரித்தால் உள்ளே சைக்கிள். சாம்பல் நிறம். மினுக்கம் இல்லை. எங்கேயும் ஒரு துளி பெயின்ற் இல்லை.

"உவ்வளவு காசு குடுத்தும் பெயின்ற் அடிக்காமலோ தந்தவங்கள்?" என்று அம்மம்மா கேட்டா. மாமா சிரித்தார். இது டைட்டேனியம், கறள் பிடிக்காது, பெயின்ற் தேவையில்லை என்றார். பிரேமை மட்டும் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்து, மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு முழுப் பனிக்காலமும் வீட்டு நிலவறையில் இருந்து தானே கோத்தாராம். சில்லுக்குக் கம்பி போட்டதும் கோட்டம் எடுத்ததும் அவர்தான். நாங்கள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தோம், சுகமாக வந்தது. பக்கத்துச் சுவரில் அம்மப்பாவின் பழைய றலி சாத்தியிருந்தது. அதைத் தூக்க ரெண்டு கையும் வேணும்.

"தம்பியவை, ரெண்டு ரயரிலயும் கரையில போட்டிருக்கிற நம்பரை வாசியுங்கோ பாப்பம்" என்றார் மாமா.

புதுச் சைக்கிளில் பெரிதாக 29 என்றும் அதன் கீழே 57-622 என்றும் இருந்தது. றலியில் 28 என்றும் 40-635 என்றும் இருந்தது. முதல் எண் ரயரின் அகலம். இரண்டாவது எண் ரயர் றிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். அதாவது உலகமே "பெரிய சில்லு" என்று கொண்டாடும் 29இன் றிம், எங்கள் அம்மப்பாவின் 28இன் றிம்மை விட 13 மி.மீ. சின்னது!

இந்தக் கட்டுரை அந்த 13 மில்லிமீற்றரிலிருந்து தொடங்கியது. பெரிய சில்லு மவுண்டன் பைக்கின் வரலாற்றை இணையத்தில் தேடினால் அது எப்போதும் கலிபோர்னியாவில் தொடங்கும். அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் அது முழுக்கதையும் இல்லை என்று எங்களுக்குப் படுகிறது.

பேப்பர் போடும் பெடியளின் சில்லு

முதலில் கலிபோர்னியாக் கதையைச் சொல்லிவிடுவோம். அது உண்மையிலேயே நல்ல கதை.

1970களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில், தமல்பாய்ஸ் மலையடிவாரத்தில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் தேடிப் பொறுக்கினார்கள். பெரும்பாலும் ஷ்வின் கம்பனியின் பழைய சைக்கிள்கள். 1933இல் ஷ்வின், ஜெர்மனியில் பார்த்த தடித்த பலூன் ரயர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சிறுவர்களுக்கான சைக்கிள்களில் போட்டது. அளவு 26 x 2.125. பேப்பர் போடும் பெடியள் கல்லிலும் குழியிலும் இடித்தாலும் தாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நாற்பது வருடங்களுக்குப் பிறகு அந்த இரும்புச் சைக்கிள்கள் குப்பை விலைக்குக் கிடைத்தன. மரின் பெடியள் அவற்றை மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதை வழியே கீழே விட்டார்கள்.

1976 ஒக்ரோபர் 21இல் சார்லி கெல்லியும் நண்பர்களும் இதை ஒரு போட்டியாக நடத்தினார்கள். பெயர் றீபேக். மூன்றரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த தூரத்தில் ஏறக்குறைய 400 மீற்றர் இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கும் பழைய பிறேக்குகள் சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். 'திரும்ப அடைத்தல்' என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண்ணும் இருந்தார். தானும் ஓடினார், கமராவும் வைத்திருந்தார். அந்த நாட்களின் படங்கள் இன்றைக்கு எங்களுக்குக் கிடைப்பதற்கு அவர் முக்கிய காரணம்.

1977இல் ஜோ பிறீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு பிரேம் செய்தார். அது இப்போது அமெரிக்காவின் சிமித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. 1979இல் ரொம் றிச்சி செய்த பிரேம்களை கேரி ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி ஸ்டம்ப்ஜம்பரைத் தொழிற்சாலையில் செய்வித்து விற்றது. பிறகு உலகம் முழுக்க இதே சைக்கிள்தான்.

ஆனால் கவனியுங்கள். இவை எல்லாவற்றிலும் சில்லு 26தான். மலைக்கு 26தான் சரி என்று ஆராய்ந்து முடிவெடுத்து எவரும் அதைப் போடவில்லை. அந்தப் பழைய சைக்கிளில் அது இருந்தது, கடையில் அந்த அளவில்தான் தடித்த ரயர் கிடைத்தது, அவ்வளவுதான். 1933இல் பேப்பர் பெடியளுக்காக எடுத்த ஒரு வியாபார முடிவு, மலைச் சைக்கிளின் அளவை அதற்குப் பிறகு முப்பது வருடம் தீர்மானித்தது.

ஃபின்லாந்திலிருந்து வராத ரயர்

இங்கிலாந்தில் ஜெஃப் அப்ஸ் என்றொருவர் இருந்தார். சேறும் சகதியுமான காட்டுப் பாதைகளில் ஓடுவதற்காக, மரின் ஆட்களின் தயவில்லாமல், தன்பாட்டில் ஒரு சைக்கிளை வடிவமைத்துக் கொண்டிருந்தார். கிளீலண்ட் என்று பெயர். அவர் பாவித்த ரயர்கள் ஃபின்லாந்தின் நோக்கியன் கம்பனி பனிக்காகச் செய்த ஹக்காபெலீட்டா ரயர்கள். அவற்றில் 622 அளவும் இருந்தது. 1980ஐ ஒட்டிய வருடங்களில் அந்த ரயர்களில் சிலவற்றை அவர் அமெரிக்காவுக்கு, ஃபிஷருக்கும் கெல்லிக்கும் அனுப்பி வைத்தார்.

அவர்களுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அந்த ரயர் தொடர்ந்து கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மவுண்டன் பைக்கின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்ற பொருள்பட ஃபிஷரே பின்னாளில் பேசியிருக்கிறார். 29 தோற்றுப் போகவில்லை, போட்டிக்கே வரவில்லை!

பிறகு கொலராடோவில் கிறெஸ்டட் பியூட் என்ற மலை ஊரில் வெஸ் வில்லியம்ஸ் போன்ற சில பிரேம் செய்பவர்கள் பெரிய சில்லைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். 1999இல் டபிள்யூ.ரி.பி. கம்பனி நானோராப்டர் என்ற ரயரை வெளியிட்டது. 622 றிம்முக்குச் செய்யப்பட்ட, உண்மையிலேயே தடித்த, முள் வைத்த ரயர். வெளிவிட்டம் ஏறக்குறைய 29 அங்குலம் வந்தது. பெயர் அங்கேயிருந்துதான். றிம் என்னவோ றேஸ் சைக்கிள்களில் எப்போதும் இருக்கும் அதே 622தான். அடுத்த சில வருடங்களில் கேரி ஃபிஷரின் பெயரில் வந்த சைக்கிள்கள் அதைக் கடைக்குக் கொண்டுவந்தன. முதலில் ஆட்கள் சிரித்தார்கள். கோமாளிச் சைக்கிள் என்றார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யரோஸ்லாவ் குல்ஹாவி 29இல் ஓடித் தங்கம் எடுத்தார். 27.5 அங்குலச் சில்லில் வந்த சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் ஒரு செக்கன் பிந்தி வெள்ளி. 26இன் காலம் அந்த வருடங்களில் முடிந்துபோனது.

பெரிய சில்லில் அப்படி என்ன இருக்கிறது? கணக்குச் சின்னது. 5 செ.மீ. உயரக் கல் ஒன்றில் 26 அங்குலச் சில்லு முட்டினால், கல்லைத் தொடும் இடம் சில்லின் அடியிலிருந்து ஏறக்குறைய 32 பாகையில் இருக்கும். 29இல் அது 30 பாகை. ரெண்டே ரெண்டு பாகைதான். ஆனால் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை கல்லு? ஒவ்வொன்றிலும் அந்த ரெண்டு பாகை கிடைக்கும். தரையைத் தொடும் ரயர்ப் பகுதியும் நீளமாகும், பிடிமானம் கூடும். பதிலுக்குச் சில்லின் பாரம் கூடும், நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கக் கொஞ்சம் சுணங்கும், கட்டையான ஆட்களுக்குப் பிரேம் அமைப்பது கஷ்டம்.

கணக்கில் வராத பெரிய சில்லு

இப்போது எங்கள் சுவரில் சாத்தியிருக்கும் 635க்கு வருவோம்.

இன்றைய சைக்கிளின் அமைப்பு 1885இல் கொவன்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த றோவரிலிருந்து வருகிறது. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லொப் காற்றடித்த ரயரைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் தார் றோட்டு எங்கே இருந்தது? மண்ணும் சரளையும்தான். சைக்கிள் பிறந்த நேரத்தில் எல்லாச் சைக்கிளும் காட்டுச் சைக்கிள்தான். 1897இல் அமெரிக்க இராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள், ஒரு வெள்ளையின அதிகாரியின் கீழ், மொன்டானாவின் மிசூலாவிலிருந்து சென்ட் லூயிஸ் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீற்றரை 41 நாளில் சைக்கிளில் கடந்தார்கள். மலை, சேறு, மணல், றெயில் பாதைச் சிலிப்பர் கட்டைகள் எல்லாவற்றுக்கும் மேலால். மவுண்டன் பைக் என்ற சொல் பிறக்க 80 வருடம் முன்னால்.

பிரித்தானியக் கம்பனிகள் தங்கள் பேரரசு முழுவதற்கும் அனுப்பிய 28 x 1½ சைக்கிள்கள் இந்தப் பரம்பரைதான். நொட்டிங்ஹாமில் செய்த றலி அதில் ஒன்று. பெரிய சில்லு, சாய்ந்த பிரேம், கம்பிப் பிறேக், செயின் கவர், கரியர். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் தார் போடாத பாதைகளில் பாரம் ஏற்றிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல வண்டி இருக்கவில்லை. இந்தியாவும் பிறகு அதே அளவில் தானே செய்தது. எங்கள் லுமாலாக்களிலும் அந்த அளவு உண்டு.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சில்லுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றுபோனது. மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்களைத் தவிர, குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, உரப்பையில் நெல்லு, தண்ணீர்க் கான், பள்ளிக்கூடப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி எல்லாம் அந்தக் கரியரில். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது சைக்கிள்கள் உருட்டப்பட்டன. ஓடுவதற்கு இடமிருக்கவில்லை, அவ்வளவு சனம். மாமா அப்போது பள்ளிக்கூடப் பெடியன். இந்த றலியில், கரியரில் அம்மம்மாவை இருத்தி, பாரில் ரெண்டு பை கொழுவி, நாவற்குழிப் பாலத்தை மழைக்குள் கடந்ததை அவர் எங்களுக்கு அன்றைக்குத்தான் சொன்னார். அதற்கு முன் நண்பனுக்கே அது தெரியாது.

இங்கே நாங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். றலி ஒரு மவுண்டன் பைக் இல்லை. அதன் ரயர் 40 மி.மீ. அகலம்தான். அதனால் றிம் பெரிதாக இருந்தும் மொத்தச் சில்லு 29ஐ விடக் கொஞ்சம் சின்னது. கியர் இல்லை. மழையில் பிறேக் பிடிக்காது. தடித்த ரயரில் குறைந்த காற்றடித்துக் கல்லின் மேல் பாய்ந்து போகும் வித்தையை மரின் பெடியள்தான் கண்டுபிடித்தார்கள். நாங்கள் கேட்பது வேறு. கரடான பாதையில் பெரிய சில்லு நல்லாய் உருளும் என்பதை 1999இல் ஒருவர் 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போது, நூறு வருடமாக அதையே செய்துகொண்டிருந்த கோடிக்கணக்கான ஆட்கள் ஏன் அந்த வரலாற்றின் ஒரு வரியில்கூட இல்லை? அவர்கள் பொழுதுபோக்குக்காக ஓடவில்லை, அதனாலா? நேரம் குறித்துப் போட்டி வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை, சஞ்சிகை நடத்தவில்லை, அதனாலா? கெல்லி 1980இல் ஒரு மவுண்டன் பைக் சஞ்சிகையே தொடங்கினார். எழுதி வைத்தவர்களின் கதை நிலைத்தது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிதில்லை, ஆனால் ஒரு ரயரின் கரையில் அதைப் பார்ப்போம் என்று நினைக்கவில்லை.

யுத்தத்துக்குச் செய்த உலோகம்

சில்லின் கதை இப்படியென்றால், பிரேமின் கதை யுத்தத்திலிருந்து வருகிறது.

1791இல் இங்கிலாந்தின் கோர்ண்வோலில் வில்லியம் கிறிகர் என்ற பாதிரியார் ஒரு ஓடைக்கரையில் காந்தத்தில் ஒட்டும் கறுப்பு மணலைப் பார்த்தார். ஆராய்ந்ததில் தெரியாத ஓர் உலோகம் இருந்தது. 1795இல் பெர்லின் இரசாயனவியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை அதற்கு வைத்தார். உலகில் அரிதான பொருள் இல்லை அது. மண்ணிலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு. ஒட்சிசனை விடவே விடாது. லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கும் பிரதானம். தாதுவைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, அதை ஒட்சிசன் புகாத கலத்தில் மக்னீசியத்தோடு சூடாக்கினால், கடற்பஞ்சு போன்ற உலோகக் கட்டி வரும். தொகுதி தொகுதியாகத்தான் செய்யலாம், மின்சாரம் கணக்கில்லாமல் போகும். விலை அங்கேயே ஏறிவிடுகிறது.

1948இல் அமெரிக்காவில் வர்த்தக உற்பத்தி தொடங்கியது. வாங்கியது யார்? இராணுவம். உருக்கின் எடையில் 60 வீதத்துக்கும் குறைவு, நல்ல பலம், வெப்பம் தாங்கும், கறள் இல்லை. அமெரிக்காவின் எஸ்.ஆர்.71 உளவு விமானத்தின் உடல் பெரும்பாலும் டைட்டேனியம். அதற்கு வேண்டிய பொருளில் ஒரு பகுதியைச் சோவியத்திடமிருந்தே, வேறு கம்பனிகளின் பெயரில் வாங்கினார்கள் என்று அந்த விமானத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். உளவு பார்க்கப் போகும் நாட்டிடமே உலோகம்! சோவியத் அதே உலோகத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் உடலையே செய்தது.

சைக்கிளுக்கு அது எப்படி வந்தது? 1970களில் அமெரிக்காவில் ரெலிடைன் கம்பனி தூய டைட்டேனியத்தில் சைக்கிள் பிரேம் செய்து பார்த்தது. அது வளைந்தது, வெடித்தது. தூய உலோகம் போதுமானதாக இல்லை. விமானங்களில் ஹைட்ரோலிக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய்களுக்காக ஒரு கலப்புலோகம் இருந்தது. டைட்டேனியத்தோடு 3 வீதம் அலுமினியம், 2.5 வீதம் வனேடியம். 1980களின் நடுவில் மாசாசூசெட்ஸில் மேர்லின் என்ற சின்னப் பட்டறை அந்தக் கலவைக் குழாய்களை எடுத்து மவுண்டன் பைக் பிரேம் செய்தது. அதே காலத்தில் டெனஸியில் லின்ஸ்கி குடும்பத்தின் இயந்திரப் பட்டறையிலிருந்து லைட்ஸ்பீட் வந்தது. பனிப்போர் முடிந்து ஆயுதக் கட்டளைகள் குறைந்தபோது ரஷ்யாவின் இராணுவத் தொழிற்சாலைகளிலும் சைக்கிள் பிரேம்கள் செய்யப்பட்டன. நீர்மூழ்கிக்கு ஒட்டு வைத்த கைகள் சைக்கிளுக்கு ஒட்டு வைத்தன.

ஒட்டு வைக்கும் வேலை

மாமா தனது பிரேம் செய்த பட்டறைக்குப் போய்ப் பார்த்தவர். அவர் விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறோம்.

டைட்டேனியம் சூடானால் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சும். உறிஞ்சினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் ஒட்டு வைக்கும்போது வெளியே மட்டுமில்லை, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கன் வாயு ஓட வேண்டும். குழாய்களின் முனையை ஒன்றோடொன்று இடைவெளியே தெரியாமல் பொருந்தும்படி வெட்ட வேண்டும். மெதுவாக வெட்ட வேண்டும், வேகமாக வெட்டினால் சூடேறி வாள் போய்விடும். பிறகு கையுறை போட்டு அசிற்றோனால் துடைக்க வேண்டும், விரல் எண்ணெய் பட்டாலே பிழை. ஒட்டின் நிறம் உண்மையைச் சொல்லும். வெள்ளி நிறம் என்றால் நல்லது. வைக்கோல் நிறம் பரவாயில்லை. நீலம் என்றால் காற்றுப் புகுந்திருக்கிறது. சாம்பல் பூத்த வெள்ளை என்றால் எறிய வேண்டியதுதான். பெயின்ற் அடிக்காததற்கு இது இன்னொரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றியது. ஒட்டு வைத்தவர் எதையும் மறைக்க ஏலாது.

அடுத்தது விறைப்பு. டைட்டேனியத்தின் விறைப்பு உருக்கின் பாதியளவுதான். அதனால் குழாயைத் தடிப்பாக எடுக்க வேண்டும். பெரிய சில்லு வந்தபோது இன்னொரு பிரச்சினையும் வந்தது. பின் சில்லு, செயின் வீல், சீற்றுக் குழாய் மூன்றும் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் ஒரே இடத்துக்குச் சண்டை பிடிக்கும். பின் பகுதியை நீட்டினால் சைக்கிள் திரும்பச் சோம்பல்படும். சீற்றுக் குழாயை வளைத்து, பின் குழாய்களை நெளித்து, மில்லிமீற்றர் மில்லிமீற்றராக இடம் எடுத்தார்கள். ஆரம்பகால 29கள் லொறி மாதிரித் திரும்புகின்றன என்று ஆட்கள் குறை சொன்னதற்குச் சில்லை விட இந்த அளவுகள்தான் காரணம்.

மாமாவின் சைக்கிள் ஹார்ட்டெயில். முன்னுக்கு மட்டும் சொக்ஸ், பின்னுக்கு ஒன்றுமில்லை. பின்னால் வரும் குலுக்கத்தை ரயரும் சில்லும் பிரேமும் உங்கள் முழங்காலும்தான் தாங்க வேண்டும்.

ஓடிப் பார்த்தோம், முறை வைத்து. தோட்டத்துச் செம்மண் ஒழுங்கை, இடையிடையே நிலத்திலிருந்து பல் மாதிரி எழும்பி நிற்கும் சுண்ணக்கல்லு. வழக்கமாக இறங்கி உருட்டும் இடம். கல்லு வருகிறது, முட்டப்போகிறது என்று கை இறுகுகிறது. ஆனால் சில்லு ஏறி இறங்கிவிடுகிறது. குலுக்கம் இல்லை என்று சொல்ல மாட்டோம். கூர்மையான அடி மட்டும் மழுங்கி வருகிறது. பிறகு அதே ஒழுங்கையில் றலியில் போனோம். சத்தம் கூட, வேகம் குறைவு, மட்கார்ட் கத்துகிறது. ஆனாலும் அதுவும் அந்தக் கல்லுகளில் ஏறி இறங்கியது. எங்கள் வீட்டு 26 அங்குலச் சைக்கிள் முன்சில்லோடு முட்டி நின்றது.

கறுப்பு மணல்

டைட்டேனியம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது இலங்கையின் பெயர் வந்தது. புல்மோட்டை. திருகோணமலைக்கு வடக்கே, கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் இல்மனைட் மணல். கிறிகர் பாதிரியார் 1791இல் பார்த்ததும் இந்த வகைதான். 1957இல் அரசு அங்கே கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. மணலை அள்ளி, பிரித்து, பெரும்பாலும் மணலாகவே கப்பலில் ஏற்றுவதுதான் வேலை. யுத்தம் அதையும் விடவில்லை. 1997 செப்ரெம்பரில் இல்மனைட் ஏற்ற வந்து நின்ற கோர்டியாலிட்டி என்ற கப்பல் புலிகளின் தாக்குதலில் அங்கேயே மூழ்கியது.

மிகைப்படுத்தக் கூடாது. உலகில் தோண்டப்படும் டைட்டேனியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாவதில்லை. வெள்ளை நிறமியாகிப் பெயின்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் பற்பசைக்கும் போகிறது. மாமாவின் சைக்கிளில் புல்மோட்டை மணல் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்கள் வீட்டுச் சுவரில் அது இருக்கலாம். மணலாகப் போய், வாளியில் பெயின்றாக வந்து, எங்கள் காசுக்கு. அம்மம்மா தேடிய பெயின்ற் அதுதான்!

மன்னார்த் தீவில் இதே கனிய மணலைத் தோண்டுவதற்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதை எங்களில் பலர் பார்த்தோம், சிலர் போயும் நின்றோம். தாழ்ந்த தீவு, மணலை எடுத்தால் கடல் உள்ளே வரும், கிணறு உப்பாகும் என்பது அவர்களின் பயம். ஒரு நல்ல சைக்கிளை ஓடிப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்கள் நாங்கள். அந்தச் சந்தோசத்தை மறைக்கவில்லை. ஆனால் ஒரு சாமானின் வரலாற்றை எழுதும்போது போட்டியில் வென்றவரின் பெயரோடு, மண் தோண்டப்பட்ட கரையின் பெயரும், அதற்கு முன் அதே வேலையைச் செய்த பழைய சில்லின் பெயரும் வர வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லாவிட்டால் 28 எப்போதும் 29ஐ விடச் சின்னதாகத்தான் இருக்கும்.

மாமா திரும்பிப் போய்விட்டார், பெட்டியோடு. போகும் முன் றலிக்குப் புது ரயர் ரெண்டு போட்டுக் கம்பியெல்லாம் இறுக்கி, கோட்டம் எடுத்துத் தந்தார். சந்தைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில் 28 x 1½ ரயர் இன்னும் தூங்குகிறது, கேட்டவுடன் எடுத்துத் தந்தார்கள். இப்போது நண்பன் அதில்தான் கம்பஸுக்கு வருகிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் எங்கேயாவது சாத்தியிருக்கும். ரயரின் கரையைத் துடைத்து நம்பரை வாசித்துப் பாருங்கள். பிறகு அது எந்தெந்தப் பாதையால் போனது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். சொன்னால் எழுதி வையுங்கள்.